குழந்தைக்குச் சாப்பாட்டு இன்சுலின்: முன்பா, பின்பா, பாதிப் பாதியா?

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் ஒவ்வொரு வேளையும் ஒரே கேள்விதான்: ஊசியை இப்போதே போட்டுவிடலாமா, சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருக்கலாமா? மருத்துவமனையில் சொல்லிக் கொடுக்கும்போது "சாப்பாட்டுக்கு முன்" என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். குழந்தை நாலு வாய் சாப்பிட்டுவிட்டுப் "போதும்" என்று தட்டைத் தள்ளும்போதுதான் அந்த ஒரு வரி எவ்வளவு போதாது என்று தெரியும்.

எத்தனை யூனிட் என்பதற்கு டாக்டர் ஒரு கணக்குக் கொடுத்துவிடுவார். எப்போது போடுவது, ஒரே தடவையிலா பிரித்தா, எந்தக் கருவியில் என்பதில் பெற்றோர் முடிவெடுக்க நிறையவே இடம் இருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்கூட்டிப் போடுவதுதான் அடிப்படை வழி. குழந்தை எவ்வளவு சாப்பிடும் என்று கணிக்க முடியாத வேளைகளில் டோஸை இரண்டாகப் பிரிப்பது நல்லது. முழு டோஸையும் சாப்பாட்டுக்குப் பின் தள்ளுவதைக் குறிப்பிட்ட சில சந்தர்ப்பங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதைத் தினசரி வழக்கமாக்கக் கூடாது.

முன்கூட்டிப் போடுவது

கணையம் சரியாக வேலை செய்யும் ஒருவருக்கு, சாப்பிடத் தொடங்கியதுமே இன்சுலின் சுரந்து நேராகக் கல்லீரலுக்குப் போய்விடும். ஊசியில் போடும் இன்சுலினுக்கு அந்த வசதி இல்லை. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில் தங்கி, மெல்ல ரத்தத்தில் கலந்து, அப்புறம்தான் வேலையைத் தொடங்கும். இன்று அதிகம் பயன்படும் வேக இன்சுலின்களான லிஸ்ப்ரோ, அஸ்பார்ட், குளுலைசின் மூன்றுமே வேலையைத் தொடங்க 10 முதல் 20 நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, மூன்று முதல் ஐந்து மணி நேரம் வரை உடம்பில் இருக்கும். மாவுச்சத்து அதற்கெல்லாம் காத்திருக்காது. மென்மையாக வெந்த, நார்ச்சத்து குறைந்த சாப்பாடு என்றால் அரை மணி நேரத்திலேயே சுகர் ஏறத் தொடங்கிவிடும்.

அதனால்தான் குழந்தைகளுக்கான சர்வதேச வழிகாட்டுதல்கள் சாப்பாட்டுக்கு 15 முதல் 20 நிமிடம் முன்பு போடுவதையே சிறந்ததாகச் சொல்கின்றன. அதே சாப்பாடு, அதே டோஸ். நேரத்தை மட்டும் மாற்றினாலே சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வரும் ஏற்றம் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். சுகரைத் தொடர்ந்து அளந்து காட்டும் சென்சார் மாட்டியிருக்கும் குழந்தையாக இருந்தால் இதைப் பெற்றோரே திரையில் பார்த்துக்கொள்ளலாம். ஒரே காலை உணவை ஒரு நாள் ஊசி போட்டவுடனும், இன்னொரு நாள் 15 நிமிடம் கழித்தும் கொடுத்துப் பாருங்கள். முதல் நாளின் கோடு மலையாக ஏறும், மறுநாள் கோடு மேடாக எழுந்து அடங்கும்.

இந்த 15 நிமிடத்தைக் கல்லில் செதுக்கிய எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊசி போடும் நேரத்தில் சுகர் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்து அதை நீட்டலாம், சுருக்கலாம். 200-க்கு மேல் (இங்கே வரும் சுகர் எண்கள் எல்லாம் mg/dL கணக்கில்) இருந்தால் இன்னும் சில நிமிடம் காத்திருப்பது பலன் தரும். 80, 90 என்று இருந்து, சென்சாரில் அம்பும் கீழ்நோக்கி இருந்தால் காத்திருக்கவே கூடாது. தட்டு முன்னால் வந்த பிறகு போட்டுவிட்டு உடனே சாப்பிட வைக்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் முதல் வேலை தாழ்வைச் சரிசெய்வது. குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ் என்பது வழக்கமான கணக்கு, 20 கிலோ குழந்தைக்கு 6 கிராம். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறியது உறுதியான பிறகுதான் சாப்பாடும் இன்சுலினும்.

முன்கூட்டிப் போடுவதில் உள்ள ஆபத்தையும் எண்ணாகவே பார்த்துவிடலாம். ஒரு நாளைக்கு மொத்தம் 20 யூனிட் எடுக்கும் குழந்தை என்று வைத்துக்கொள்வோம். பரவலாகப் பயன்படும் 500 விதிப்படி, 500-ஐ 20-ஆல் வகுத்தால் 25. அதாவது ஒரு யூனிட் 25 கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கும். 1800 விதிப்படி, 1800-ஐ 20-ஆல் வகுத்தால், ஒரு யூனிட் சுகரை ஏறக்குறைய 90 இறக்கும். (கணக்கு புரிவதற்காகச் சொல்லும் எண்கள் இவை. உங்கள் குழந்தைக்கான விகிதத்தை டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குக் காலை வேளையில் இந்த விதி தருவதைவிட அதிக இன்சுலின் தேவைப்படுவது சகஜம்.) தட்டில் 60 கிராம் இருக்கிறது, 2.4 யூனிட் வேண்டும், அரை அரை யூனிட்டாக அளவு திருகும் ஊசிப் பேனாவில் 2.5 போட்டாயிற்று. குழந்தை பாதியோடு எழுந்துவிட்டது. உள்ளே போனது 30 கிராம், அதற்குத் தேவை 1.2 யூனிட். மிச்சம் 1.3 யூனிட் வேலையில்லாமல் உடம்பில் சுற்றுகிறது. அது சுகரை நூறுக்கும் மேல் இறக்கக்கூடியது. சாப்பிட உட்கார்ந்தபோது 120 இருந்தது என்றால், விளைவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது? சாப்பிடாமல் விட்ட 30 கிராமை வேறு வடிவத்தில் உள்ளே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். 200 மில்லி பாலில் சுமார் 10 கிராம் மாவுச்சத்து இருக்கும், அதே அளவு பழச்சாற்றில் சுமார் 20. இரண்டையும் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் குடிக்க வைத்து, சுகரை அடிக்கடி பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். குழந்தை மறுக்காமல் எப்போதும் எடுத்துக்கொள்ளும் இரண்டு மூன்று பொருள்களின் மாவுச்சத்து அளவை மனப்பாடமாக வைத்திருக்கும் பெற்றோருக்கு முன்கூட்டிப் போடும் பயம் பாதி குறைந்துவிடும்.

சாப்பிட்ட பிறகு போடுவது

1996-இல் லிஸ்ப்ரோ சந்தைக்கு வரும்வரை இப்படி ஒரு வழி நடைமுறையில் இல்லை. அதற்கு முன் சாப்பாட்டுக்குப் போட்ட ரெகுலர் இன்சுலின் தொடங்கவே அரை மணி நேரம் ஆகும். உச்சம் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் வரும், ஐந்து முதல் எட்டு மணி நேரம் வரை இழுக்கும். இன்றும் அதையே பயன்படுத்தும் குழந்தைகள் ஏராளம். உங்கள் குழந்தை ரெகுலர் இன்சுலினில் இருந்தால் "சாப்பிட்ட பிறகு போடலாம்" என்று வேறொரு பெற்றோர் சொல்வதைக் கேட்டு மாறிவிடாதீர்கள். அவர்கள் கையில் இருப்பது வேறு மருந்து. ரெகுலர் என்றால் 30 நிமிடம் முன்பு, இடையில் சிறு தீனி என்ற ஒழுங்குதான் சரிவரும்.

வேக இன்சுலினில் பின்னால் போடுவதற்கு ஒரு பெரிய வசதி உண்டு: உள்ளே போனது எவ்வளவு என்று தெரிந்தபிறகு போடுகிறோம். ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தைக்கு அடுத்த வாய் வாங்குமா என்பதே தெரியாது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருக்கும் நாளில் ஐந்து வயதுக் குழந்தையும் அப்படித்தான். அந்த வேளைகளில் பின்னால் போடுவதே பாதுகாப்பு. (சாப்பாட்டு ஊசியை மட்டும்தான் தள்ளிப்போடலாம். நீண்ட நேரம் வேலை செய்யும் பேசல் இன்சுலினை, குழந்தை எதுவுமே சாப்பிடாத நாளிலும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால், கொழுப்பு எரிந்து உண்டாகும் அமிலமான கீட்டோன் ஏறி, ரத்தமே அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் என்ற ஆபத்து வரை போய்விடும். டோஸைக் குறைக்க வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.)

ஆனால் இதையே தினமும் செய்தால் விலை கொடுக்க வேண்டியிருக்கும். சாப்பாடு முந்திக்கொள்ளும், இன்சுலின் பின்னால் ஓடும். ஒரு மணி நேரத்தில் சுகர் 250, 300 என்று ஏறும். அந்த உச்சத்தைப் பார்த்துப் பதறி இன்னொரு யூனிட் போடுகிறவர்கள் உண்டு. முதலில் போட்டது இன்னும் முழுதாக வேலை செய்து முடிக்காத நேரத்தில் அதன்மேல் இன்னொன்று ஏறினால், மூன்றாவது மணி நேரத்தில் சுகர் சரசரவென்று இறங்கும். காலையில் ஏற்றம், மதியத்துக்கு முன் தாழ்வு என்று தினமும் ஒரே மாதிரி வந்தால், டோஸைக் கூட்டுவதற்கு முன் ஊசி போடும் நேரத்தைச் சந்தேகியுங்கள்.

மறதி இன்னொரு தொல்லை. சாப்பாடு முடிந்ததும் கை கழுவி, பையை எடுத்துக்கொண்டு ஓடும் குழந்தையைப் பிடித்து ஊசி போடுவது வீட்டிலேயே கஷ்டம். பதின்வயதில் கேட்கவே வேண்டாம். விட்டுப்போன சாப்பாட்டு ஊசிகள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யை நேரடியாக ஏற்றிவிடும். முன்னால் போடும் பழக்கத்தில் ஊசி சாப்பாட்டுக்கான வாசல் மாதிரி ஆகிவிடுவதால் மறப்பது குறைவு.

இன்னும் வேகமான இரண்டு இன்சுலின்கள் இப்போது உண்டு. அஸ்பார்ட்டின் வேகப்படுத்திய வடிவமான ஃபியாஸ்ப் 2017-இல் வந்தது, லிஸ்ப்ரோவின் அதே மாதிரி வடிவமான லியும்ஜெவ் 2020-இல். பழைய வேக இன்சுலின்களைவிடச் சில நிமிடம் முந்தித் தொடங்குவதால், சாப்பாடு தொடங்கும்போதோ, தொடங்கி 20 நிமிடத்துக்குள்ளோ போடலாம் என்று மருந்துக் குறிப்பே சொல்கிறது. எவ்வளவு சாப்பிடும் என்று தெரியாத குழந்தைக்கு இது நல்ல மாற்று. மற்றபடி, 15 நிமிடம் காத்திருக்கச் சம்மதிக்கும் குழந்தைக்குப் பழைய வேக இன்சுலினே நன்றாக வேலை செய்யும். கிடைக்கவில்லையே என்று யாரும் மனம் உடைய வேண்டாம்.

பிரித்துப் போடுவது

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். பெற்றோருக்கு முதல் நாளே சொல்லித் தரப்பட வேண்டியதும் இதுதான் என்று நினைக்கிறேன். மேலே சொன்ன அதே 60 கிராம் தட்டு. இதில் 30 கிராமாவது நிச்சயம் சாப்பிடும் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கான 1.2 யூனிட்டில் 1 யூனிட்டை 10, 15 நிமிடம் முன்பே போட்டுவிடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் கணக்குப் பார்த்து மீதி. முழுத் தட்டும் காலி என்றால் 1.5, முக்கால் தட்டு என்றால் 45 கிராமுக்கு 1.8 வேண்டும், 1 ஏற்கெனவே போயிற்று, மீதி 0.8-ஐக் கீழே இறக்கி 0.5 போட்டால் போதும். பாதியோடு நின்றுவிட்டால் எதுவும் போட வேண்டாம். முன்னால் போன ஒரு யூனிட் முதல் ஏற்றத்தைப் பிடித்துக்கொள்ளும், தாழ்வுக்கும் இடம் கொடுக்காது.

குறை வெளிப்படையானது: ஒரு வேளைக்கு இரண்டு குத்தல். உடம்பில் மாட்டி, இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் பம்ப் இருக்கும் குழந்தைக்கு அந்தச் சிரமம் இல்லை, பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் போதும். பேனாவில் இருக்கும் குழந்தைக்கு மூன்று நாள் வரை தோலில் ஒட்டியிருக்கும் சிறு ஊசிக்குழாய்கள் கிடைக்கின்றன. அதன் வழியாகப் போட்டால் ஒவ்வொரு தடவையும் தோலைக் குத்த வேண்டியதில்லை. இதெல்லாம் இல்லையென்றால், எல்லா வேளைக்கும் பிரிக்காமல், தகராறு வரும் அந்த ஒரு வேளைக்கு மட்டும் பிரியுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குச் சுகர் அளவைத் தாண்டிய காரணம் ஒன்று உண்டு. முழு டோஸையும் முன்னால் போட்டுவிட்ட வீட்டில் அடுத்து கேட்கும் வாக்கியம் "ஊசி போட்டாச்சு, சாப்பிட்டே ஆகணும்" என்பதுதான். அம்மாவின் குரலில் இருப்பது பயம், குழந்தையின் காதில் விழுவது மிரட்டல். பசி இல்லாதபோது திணிக்கப்படும் குழந்தை, சாப்பாட்டையும் ஊசியையும் ஒன்றாக வெறுக்கப் பழகுகிறது. டைப் 1 உள்ள பதின்வயதினரிடம் சாப்பாடு சார்ந்த மனச்சிக்கல்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகின்றன. உடல் இளைக்க வேண்டும் என்று இன்சுலினையே வேண்டுமென்று விட்டுவிடும் பிள்ளைகளும் உண்டு. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் தட்டின் முன்னால் தினமும் நடக்கும் சண்டையை நாம் இன்றே நிறுத்த முடியும். முன்னால் குறைவாகப் போட்டால், "போதுமா? சரி, எழுந்திரு" என்று நிம்மதியாகச் சொல்ல முடியும்.

நிலையான டோஸா, மாவுச்சத்துக் கணக்கா?

சிலருக்குக் காலை 3, மதியம் 4, இரவு 3 என்று நிலையாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். கணக்குப் போடத் தெரியாத தாத்தா பாட்டியும் போட்டுவிடலாம் என்பது இதில் வசதி. பதிலுக்கு, தினமும் அதே நேரத்தில் அதே அளவு மாவுச்சத்து தட்டில் இருந்தாக வேண்டும். வளரும் குழந்தையின் பசி அப்படி ஒரே அளவில் நிற்காது. ஒரு நாள் விளையாடிவிட்டு வந்து இரண்டு மடங்கு கேட்கும், மறுநாள் ஏறிட்டும் பார்க்காது. வேக இன்சுலினும் நீண்ட நேர இன்சுலினும் ஒரே குப்பியில் கலந்து வரும் வகையில் கட்டு இன்னும் இறுக்கம். ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடிவிடும்.

கிராம் கணக்கு என்றதும் மிரளுகிறவர்களுக்கு ஒரு ஆறுதல். ஒரு வேளையில் 10 கிராம் அளவுக்குக் கூடக்குறையக் கணித்தால் சாப்பாட்டுக்குப் பிந்திய சுகரில் பெரிய வித்தியாசம் வருவதில்லை என்று குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. 20 கிராம் பிசகினால்தான் தெரிகிறது. (டோஸ் மிகச் சின்னதாக இருக்கும் கைக்குழந்தைக்கு 10 கிராமும் பெரிதுதான்.) சமையலறைத் தராசு ஒன்று வாங்கி இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தால் கண்ணே அளவுகோலாகிவிடும். வீட்டில் ஒருவராவது இதைக் கற்றுக்கொண்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால் பிரித்துப் போடும் வழி இந்தக் கணக்கு இல்லாமல் நடக்காது.

கிராம் கணக்கு சொல்லாத ஒன்றும் இருக்கிறது. கொழுப்பும் புரதமும் நிறைந்த சாப்பாட்டுக்குப் பிறகு, முதல் இரண்டு மணி நேரம் எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றி, மூன்று மணி நேரத்துக்குப் பின் சுகர் ஏறத் தொடங்கும். ராத்திரி அப்படிச் சாப்பிட்டால் நடு இரவில்தான் தெரியும். பம்ப்பில் டோஸின் ஒரு பகுதியை உடனேயும் மீதியை இரண்டு மூன்று மணி நேரத்தில் பரப்பியும் கொடுக்க முடியும். பேனாவில் இரண்டாவது சிறு ஊசியாகப் போட வேண்டியிருக்கும். தூங்கும் குழந்தைக்கு அதைச் சொந்த யோசனையில் முயலாதீர்கள். அளவையும் நேரத்தையும் டாக்டரிடம் பேசி வைத்துக்கொண்டபின் செய்யுங்கள்.

சிரிஞ்சு, பேனா, பம்ப்

சிரிஞ்சு மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் குப்பியில் எழுதியிருக்கும் வலிமையும் சிரிஞ்சின் அளவுக்கோடும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினை 40-க்கான சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். சின்னக் குழந்தைக்கு அது உயிராபத்து. பேனாவில் இந்தக் குழப்பம் இல்லை. குழந்தைக்குப் பேனா வாங்கும்போது அரை யூனிட் திருகும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு யூனிட்டாகத் திருகும் பேனாவில் 1.2 யூனிட் தேவைப்படும் குழந்தைக்கு 1 அல்லது 2 தவிர வழியில்லை. அழுத்திய பிறகு பத்து வரை எண்ணிவிட்டு ஊசியை எடுப்பதும், போடும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதும் டோஸ் அளவுக்கே முக்கியம். ஒரே இடத்தில் போட்டுப் போட்டுத் தோல் தடித்துவிட்டால் அங்கே போகும் இன்சுலின் ஒரு நாள் ஊறும், ஒரு நாள் ஊறாது.

பம்ப் 0.05 யூனிட், சில வகைகளில் அதற்கும் குறைவாகக் கொடுக்கும். மிகச் சின்னக் குழந்தைக்குப் பம்ப்பைத் தேர்ந்தெடுக்க அதுதான் முதல் காரணம். பம்ப்பில் நீண்ட நேர இன்சுலின் கிடையாது. குழாய் மடங்கியோ கழன்றோ போனால் சில மணி நேரத்தில் கீட்டோன் ஏறும். கையில் எப்போதும் பேனா இருக்க வேண்டும். சென்சாரோடு சேர்ந்து தானாகவே கூட்டிக் குறைக்கும் பம்ப்புகள் இரவைப் பெற்றோருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கின்றன. அவையும் சாப்பாட்டைத் தாமாக அறிந்துகொள்ளாது. சாப்பிடப் போவதை முன்கூட்டி நாம்தான் சொல்ல வேண்டும். மறந்துபோய் ஒரு மணி நேரம் கழித்து முழுச் சாப்பாட்டையும் பதிவுசெய்யாதீர்கள். ஏறும் சுகரைப் பார்த்து அது ஏற்கெனவே இன்சுலினைக் கூட்டியிருக்கும். மேலே முழு டோஸும் போனால் தாழ்வு வரும். தாமதமான வேளைக்கு எவ்வளவு குறைத்துப் பதிய வேண்டும் என்பதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுக்கும் தாளில் இந்த முடிவுகள் அப்படியே வர வேண்டும். "மதியம் 2.5 யூனிட்" என்று மட்டும் எழுதினால் ஆசிரியர் அதைப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். "மணி அடிப்பதற்கு 10 நிமிடம் முன்பு 1 யூனிட். சாப்பிட்டதும் டப்பாவைப் பார்த்து, காலி என்றால் 1.5, முக்கால் என்றால் 0.5, பாதி என்றால் வேண்டாம். முன்பே 70-க்குக் கீழ் இருந்தால் ஊசி இல்லை, முதலில் குளுக்கோஸ், எங்களுக்கு போன்" என்று எழுதினால் யாரும் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

ஒரு வழியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஒரு வேளையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காலை வேளை நல்லது. பெரும்பாலும் ஒரே மாதிரிச் சாப்பாடு, பெரியவர்களும் பக்கத்தில் இருப்பார்கள். டோஸைத் தொடாமல் நேரத்தை மட்டும் மாற்றி, சாப்பாட்டுக்கு முன்பு, ஒரு மணி நேரம் கழித்து, மூன்று மணி நேரம் கழித்து என்று மூன்று அளவுகளைத் தொடர்ந்து சில நாள் எழுதி வையுங்கள். முதல் மணி நேர ஏற்றம் குறைந்து, மூன்றாவது மணி நேரத்தில் தாழ்வும் வரவில்லை என்றால் அந்த நேரம் சரி. தாழ்வு வந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டுமா, விகிதத்தை மாற்ற வேண்டுமா என்பதை அந்தத் தாளைக் காட்டி டாக்டரிடம் கேளுங்கள்.